வாய்ப் புற்றுநோய்: பரவலைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தடுத்தல்

வாய்ப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை நாக்கு, கன்னத்தின் உட்புறம் போன்ற இடங்களை மூடியுள்ள செதிள் செல்களில் தோன்றுகின்றன. இப்புற்றுசெல்கள் பலவற்றின் மேற்பரப்பில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பிப் புரதம் அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும், அந்த ஏற்பி செல்லுக்குள் இருக்கும் புரதங்களை வரிசையாக முடுக்கிவிடுகிறது. செல்கள் பெருகுகின்றன, ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது, சுற்றுத் திசுவைச் சிதைக்கும் நொதிகள் சுரக்கின்றன. விடுபட்ட செல்கள் பெரும்பாலும் முதலில் கழுத்து நிணநீர்க் கணுக்களை அடைகின்றன.

செடுக்ஸிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து ஏற்பியில் தானே அமர்ந்து, வளர்ச்சிக் காரணிக்கு இடமில்லாமல் செய்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு இதைக் கதிர்வீச்சுடன் சேர்த்துத் தர 2006-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. முகப்பரு போன்ற தடிப்பு பலருக்கும் வரும் பக்கவிளைவு. ஆனால், ஒரு சமிக்ஞைப் பாதை அடைபட்டால் புற்றுசெல்கள் வேறு பாதையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அதனால் பல பாதைகளை ஒருசேரத் தடுக்கும் ஆய்வுகள் தொடர்கின்றன.