வெட்டி எடுத்த கையெழுத்து

போன மாதம் பரணை ஒழித்தபோது என் பள்ளிக்கூடக் காலத்து ஆட்டோகிராப் நோட்டு கிடைத்தது. எட்டாவது படிக்கும்போது ஒரு காரியம் செய்திருக்கிறேன். தாத்தாவுக்கு அந்தக் கால மந்திரி ஒருவரிடமிருந்து பதில் கடிதம் வந்திருந்தது. அதன் அடியில் இருந்த கையெழுத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி, மைதா பசை தடவி நோட்டில் ஒட்டிக்கொண்டேன். மீதிக் கடிதம் எங்கே போச்சுன்னு தெரியாது.

இப்போது பசை காய்ந்துபோய், தொட்டதும் துண்டு கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் டைப் அடித்த இரண்டு அரைகுறை வார்த்தைகள். ஒன்று ‘கால்வாய்’. இன்னொன்று ‘இயலாத’ என்று ஆரம்பித்து அறுந்து நிற்கிறது. தாத்தா என்ன கேட்டு எழுதினார், அவர்கள் எதை இயலாது என்றார்கள்? சொல்வதற்கு ஆள் இல்லை.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டுதான் கையெழுத்து சேகரிப்பு பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு அற்ப ஆறுதல்: இந்தப் பாவத்தை நான் மட்டும் செய்யவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது ஒரு பொழுதுபோக்காகவே இருந்திருக்கிறது.

அதற்கு வசதி செய்து கொடுத்தது தபால் இலாகா. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரபுக்களும் உறையின் கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டால் போதும், கடிதம் இலவசமாகப் போகும். இதற்கு ‘ஃபிராங்க்’ என்று பெயர். வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு நண்பர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள் போல. அதனால் 1784இல் ஒரு கட்டுப்பாடு வந்தது: முகவரி, ஊர், தேதி எல்லாவற்றையும் உறுப்பினரே தன் கைப்பட எழுத வேண்டும். 1840இல் பென்னி தபால் வந்தபோது இந்தச் சலுகை ஒழிந்தது. மக்கள் உறையின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டினார்கள். உள்ளே இருந்த கடிதம் பலருக்கு வேண்டாத காகிதம்.

சரி, வெட்டினால் என்ன நஷ்டம்? அட்மிரல் நெல்சனை எடுத்துக்கொள்வோம். பதின்ம வயதில் ‘ஸீஹார்ஸ்’ என்ற கப்பலில் மதராஸ் வரை வந்துபோனவர். கடற்படைக் கையெழுத்துகள் சேர்ப்பவர்களுக்கு இவர்தான் ராஜா. 1797 ஜூலையில் டெனரீஃப் தீவுத் தாக்குதலில் வலது கை போய்விட்டது. அதுவரை அவர் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். அதற்குப் பிறகு இடது கை எழுத்து. நிமிர்ந்து, கொஞ்சம் முரடாக இருக்கும்.

பெயரும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் ஹொரேஷியோ நெல்சன். 1798இல் நைல் போரில் ஜெயித்து பிரபு ஆனதும் வெறும் நெல்சன். 1799இல் நேப்பிள்ஸ் மன்னர் சிசிலியில் புரோன்டே என்ற ஊரைக் கொடுத்து டியூக் ஆக்கியதும் அந்தப் பெயர் முன்னால் சேர்ந்தது. கடைசியில் ‘நெல்சன் அண்ட் புரோன்டே’ என்று நிலைத்தது. 1805இல் டிரஃபால்கரில் சாகும்வரை அதுதான்.

ஆக, 1796 தேதியிட்ட கடிதத்தில் இடது கை எழுத்து இருந்தால் அது போலி. 1798 தேதியில் ‘புரோன்டே’ இருந்தாலும் போலி. ஆனால் இதைக் கண்டுபிடிக்கத் தேதி வேண்டும். தேதி பெரும்பாலும் கடிதத்தின் தலையில் இருக்கும், கையெழுத்தோ காலில். வெட்டியவர் தலையைத் தூக்கி எறிந்துவிட்டார்!

தேதியைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கை போன இரண்டாம் நாளே, ஜூலை 27, நெல்சன் தன் மேலதிகாரி ஜெர்விஸுக்கு இடது கையால் எழுதினார். இனி நண்பர்களுக்குப் பாரம், நாட்டுக்குப் பயனில்லை என்கிற மனநிலை. எட்டே வருஷத்தில் டிரஃபால்கரை ஜெயிக்கப்போகிற ஆள்! அடியில் உள்ள பெயரை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் கோணல்மாணலான ஒரு கையெழுத்து மிஞ்சியிருக்கும். அந்த மனுஷன் போயிருப்பார்.

பெயர் இருப்பதாலேயே அவர் போட்டது என்றும் ஆகாது. அமெரிக்காவில் நில உரிமைப் பத்திரங்களில் ஜனாதிபதிக்குப் பதிலாக ஒரு செயலர் கையெழுத்திடலாம் என்று 1833இல் சட்டமே வந்தது. அதற்குப் பிந்தைய பத்திரத்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் பெயர் இருந்தாலும் கை அவருடையது இல்லை. கென்னடி காலத்தில் ஆட்டோபென் என்கிற இயந்திரமே போட்டது. ஒரே மாதிரி இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மயிரிழை பிசகாமல் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். மனிதக் கை அப்படிப் பொருந்தாது. அச்சு நகல்களும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிஜ மை கோடுகள் குறுக்கிடும் இடத்தில் தேங்கி, அழுத்திய இடத்தில் தடித்திருக்கும். அச்சு தட்டையாக இருக்கும்.

நம் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. காந்தி ஒரு ஆட்டோகிராபுக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஹரிஜன் நிதியில் சேர்ப்பார். தமிழிலும் ‘மோ.க.காந்தி’ என்று கையெழுத்திட்டிருக்கிறார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பொக்கிஷமாகத் தெரிவது ‘ஹிந்த் ஸ்வராஜ்’ கைப்பிரதி. 1909 நவம்பரில், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் ‘கில்டோனன் காசில்’ கப்பலில் குஜராத்தியில் எழுதியது. வலது கை ஓய்ந்துபோனால் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். 275 பக்கங்களில் 40 பக்கம் இடது கையால் எழுதியவை. எந்த இடத்தில் கை மாறியது என்று பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். முழுசாக இருப்பதால்தான் தெரிகிறது.

உங்கள் வீட்டிலும் தாத்தா, பாட்டிக்கு யாரோ பெரிய மனிதர் எழுதிய கடிதம் இருக்கலாம். தயவுசெய்து வெட்டாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். உறையோடு சேர்த்து வையுங்கள். யார், யாருக்கு, எதற்காக எழுதியது என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். ஏற்கெனவே வெட்டிய துண்டாக இருந்தால் ஒரு தடவை பின்பக்கம் பாருங்கள்.

என் துண்டை ஒரு உறையில் போட்டேன். கூடவே ஒரு தாளில் தாத்தா பெயர், மந்திரி பெயர், ‘கால்வாய்’, ‘இயலாத’ என்ற இரண்டு வார்த்தைகள். கடைசி வரியில், இதை வெட்டியது யார் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எங்கள் கால்வாயைப் பற்றிப் பெரியவர்களிடம் விசாரிக்க வேண்டும்.