கொடிக்காலில் நிற்கும் அகத்தி

ஏகாதசி விரதம் இருந்தவர்களுக்கு மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து காவிரியோடு மேற்கே முசிறி, தொட்டியம், குளித்தலைப் பக்கம் போனால், அதே அகத்தி வெற்றிலைக் கொடியைத் தோளில் தாங்கி வரிசை வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பயிரோடு மரத்தையும் சேர்த்து வளர்ப்பதை 'வேளாண் காடு' என்று இன்று அறிவியல் பேசுகிறது; கொடிக்கால் எனப்படும் இந்த வெற்றிலைத் தோட்டங்களின் உழவர்கள் அதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள்.

வெற்றிலை, காட்டின் அடிநிழலில் படர்ந்து பழகிய கொடி. நேர்வெயிலில் இலை கருகிவிடும். அதனால் முதலில் அகத்தியை விதைத்து, அது எழும்பிய பிறகே கொடியை நடுகிறார்கள்; ஏற ஏற வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுகிறார்கள். அகத்தியின் சிற்றிலைகள் வெயிலைச் சலித்துக் கீழே அனுப்புகின்றன. ஓரத்து வாழை காற்றைத் தடுக்கிறது. ஆறு மாதத்துக்குள் இலை கிள்ளத் தொடங்கலாம். கழித்த தழை ஆட்டுக்கும் கறவை மாட்டுக்கும் போகிறது. அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த வரவுகள் அடுத்தடுத்து வருவதுதான் முக்கியம்.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் அழகு. அகத்தி வேரின் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கிறது. மரம் தரும் சர்க்கரையை வாங்கிக்கொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் உண்ணக்கூடிய வடிவத்துக்கு அது மாற்றுகிறது. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்து ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் ஒன்று அங்கே ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சத்து வேரிலிருந்து நேராகக் கொடிக்கு ஒழுகுவது கொஞ்சம்தான். பெரும்பகுதி உதிர்ந்த தழை மட்கும்போது கிடைக்கிறது. கிளையை வெட்டும்போது மெல்லிய வேர்களும் முடிச்சுகளும் கொஞ்சம் மடியும், அவையும் உரமாகும்.

ஆக, கொடிக்காலை நடத்துவது அரிவாள். மழைக்காலத்தில் நிழல் அடர்ந்து ஈரம் தங்கினால், பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி வாடல் நோயைக் கொண்டுவந்து தோட்டத்தையே சாய்த்துவிடும். அப்போது அகத்தியைக் கழித்து வெளிச்சம் விட வேண்டும், வடிகாலைத் திறக்க வேண்டும். கோடையில் நிழலைக் காக்க வேண்டும். திருச்சியை அடுத்த சிறுகமணி ஆராய்ச்சி நிலையம் 'சிறுகமணி 1' போன்ற வெற்றிலை ரகங்களைத் தந்திருக்கிறது. ரகம் எதுவானாலும், தினமும் தோட்டத்தைப் பார்க்கும் கண் இல்லாமல் இது நடக்காது.

2014-இல் வேளாண் காடுகளுக்கென்று தேசியக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா. தமிழக அரசும் விவசாயிகளுக்கு இலவசமாக மரக்கன்றுகள் தருகிறது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் காகித ஆலை இருப்பதால் சவுக்குக்குச் சந்தையும் உண்டு. எல்லாம் நல்லதுதான். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.75 எக்டேர். அதை முழுக்கச் சவுக்காக்கிவிட்டு மூன்று நான்கு வருடம் வெட்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் அதுவரை எதைச் சாப்பிடும்? கன்றோடு முதல் வருடச் செலவுக்குக் கடனும், இடையில் வருமானம் தரும் ஊடுபயிரும், கவாத்துக் கற்றுத்தர ஆளும் சேர்ந்து வர வேண்டும்.

இன்னொரு முள், நிலம் யாருடையது என்பது. காவிரிப் படுகையில் கோயில், மட நிலங்களைக் குத்தகைக்கு உழுபவர்கள் ஏராளம். இரண்டு மூன்று வருடத்தில் முடியும் அகத்தியை அவர்கள் துணிந்து வைப்பார்கள். இருபது வருடத் தேக்கை எந்த நம்பிக்கையில் வைப்பார்கள்? ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் வயலில் நின்ற மரமும் ஒருகாலத்தில் அரசின் சொத்தாகவே கருதப்பட்டது, யாரும் காக்கவில்லை. 1980-களின் நடுவிலிருந்து அந்தப் பிடி தளர்ந்து, மரம் தமக்குத்தான் என்று உழவர்கள் நம்பத் தொடங்கியதும், வெட்டுண்ட அடிக்கட்டைகளில் துளிர்த்தவற்றைத் தாங்களே காத்து, சுமார் 50 லட்சம் எக்டேரில் மரங்களை மீட்டார்கள். இங்கேயும் வரப்பில் வைக்கும் மரத்தில் குத்தகைதாரரின் பங்கு எவ்வளவு, குத்தகை மாறினால் அதற்கு என்ன ஈடு என்பதைக் குத்தகைச் சீட்டிலேயே எழுதித்தர வேண்டும். கன்று அதற்குப் பிறகு வரட்டும்.