கடைசிப் பக்கத்துக்குப் பிறகு வரும் துக்கம்

பிடித்த நாவல் முடிந்துபோனதால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று யாராவது சொன்னால் வீட்டில் பெரும்பாலும் சிரிப்பார்கள். "கதைதானப்பா, இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?" என்பார்கள். படித்தது பதின்வயதுப் பெண்ணாக இருந்துவிட்டால் கண்டிப்பும் சேர்ந்துகொள்ளும்.

வத்தலக்குண்டிலாவது இந்தச் சிரிப்பு கூடாது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர், 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர் பி.எஸ். ராமையா, 'வாடிவாசல்' தந்த சி.சு. செல்லப்பா மூவரும் பிறந்த ஊர் இது. கற்பனை மனிதர்களுக்காகத் தமிழ் வாசகர்களைக் கலங்க வைத்ததில், கொடைக்கானல் மலையடிவாரத்து இந்தச் சிற்றூருக்குப் பெரிய பங்கு உண்டு. புத்தகம் முடிந்ததும் வரும் துக்கம் நோயல்ல. பிறர் வாழ்க்கைக்குள் புகுந்து பார்க்கத் தெரிந்த மனத்துக்கு அது இயல்பாக வருவது. ஆனால் சிலருக்கு அந்தத் துக்கத்தின் அடியில் வேறொன்று கிடக்கும். அதைக் கவனிக்கத்தான் இந்தக் கட்டுரை.

மனசு இதை ஏன் இழப்பாக எடுத்துக்கொள்கிறது?

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு நேயர்கள் ஒருபக்க உறவு ஒன்றை வளர்த்துக்கொள்கிறார்கள் என்று 1956-இல் அமெரிக்காவில் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய இருவர் எழுதினார்கள். எதிரில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கோ அவர் நெருங்கிய சொந்தம். நாவலில் இந்த உறவு இன்னும் ஆழமாகப் போகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வீட்டுக்காரர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது நமக்குத் தெரியாது. சிறுகுளத்துக் கமலாம்பாள் என்ன நினைத்துக் கலங்குகிறாள் என்பது தெரியும்.

இஸ்ரேலிய ஆய்வாளர் ஜொனாதன் கோஹென் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரங்கள் இனி வரப்போவதில்லை என்றால் எப்படி இருக்கும் என்று பார்வையாளர்களிடம் கேட்டார். பிணைப்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு வருத்தம் என்று தெரிந்தது. நேசிப்பவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் இயல்பிலேயே உள்ளவர்களுக்கு வருத்தம் கூடுதலாக இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1950-இல் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954-இல் முடிந்தபோது வாசகர்களால் அதை ஏற்க முடியவில்லை. திடீரென்று முடித்துவிட்டீர்களே என்றார்கள்; வந்தியத்தேவன் என்ன ஆனான், குந்தவை என்ன ஆனாள் என்று கேட்டார்கள். கல்கி அவர்களைக் கேலி செய்யவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பொறுமையாகச் சொல்லிவைத்தார். துக்கப்படுகிற வாசகரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மாதாமாதம் வந்த கமலாம்பாள்

ராஜம் ஐயரின் நாவல் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்ற மாத இதழில் தொடராக வந்தது. அபவாதத்தால் குலைகிற ஒரு குடும்பத்தின் கதையை அன்றைய வாசகர்கள் ஏறத்தாழ ஈராண்டு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டார்கள். ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மாதம். அதற்குள் பேசலாம், ஊகிக்கலாம், சண்டை போடலாம். அத்தனை நாள் கூட வந்தவர்களைப் பிரிவது லேசாக இருந்திருக்காது. ஆனாலும் அந்தப் பிரிவைத் தாங்குவதற்கு அவர்களுக்கு அவகாசம் இருந்தது.

இன்று 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசி நூறு பக்கம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான். இங்கே உடம்பின் கணக்கு ஒன்று சேர்கிறது. தூக்கம் குறைந்த மூளை சின்ன வருத்தத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளும். ராத்திரி சாப்பாடும் தட்டிப்போயிருக்கும். கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் வருகிற அழுகையில் கதையின் பங்கு பாதி, விழித்திருந்ததன் பங்கு பாதி. அதனால் முதல் வைத்தியம் மிகச் சாதாரணமானது: குளித்துச் சாப்பிட்டுவிட்டு, அன்றிரவு நேரத்தோடு படுங்கள். பிறகும் மனம் கனத்தால் அது கதைக்கு உரியது, இருந்துவிட்டுப் போகட்டும்.

செல்லப்பாவின் 'வாடிவாசல்' நேர்மாறான அனுபவம். ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய சிறிய நாவல் அது. ஜல்லிக்கட்டு மைதானத்தைவிட்டு வெளியே போகாத கதை. ஆனால் அதில் வரும் காரிக் காளை பலருக்கு நாள்கணக்கில் மனத்தைவிட்டுப் போகாது. எத்தனை பக்கம் என்பதை வைத்துத் துக்கத்தை அளக்க முடியாது.

புத்தகம் மூடி வைத்திருந்த வேறு துயரம்

முக்கியமான இடம் இதுதான். மகன் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனபின் தனியாக இருக்கும் அம்மா, கணவரை இழந்தவர், புது ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண், பரீட்சையில் தோற்றுவிட்டு யாரோடும் பேசாத பையன் ஆகியோருக்கெல்லாம் ஒரு நல்ல நாவல் துணைக்கு ஆளாகிவிடுகிறது. சாயங்காலம் என்றால் அந்த மனிதர்களோடு இருக்கலாம். புத்தகம் முடிகிற அன்று அந்தத் துணையும் போய்விடுகிறது. அடியில் கிடந்த தனிமை அப்படியே மேலே வருகிறது. அவர் அழுவது கதைக்காக என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம், அவரும் நினைத்துக்கொள்கிறார்.

இப்படிப்பட்டவரிடம் "அழாதே" என்பதைவிட "என்ன கதை, சொல்லுங்களேன்" என்று கேட்பது எவ்வளவோ மேல். கதையைச் சொல்லத் தொடங்கினால் எந்த இடத்தில் குரல் கம்முகிறது என்று கவனியுங்கள். பிள்ளை தொலைகிற இடத்திலா, கணவன் சந்தேகப்படுகிற இடத்திலா, கிழவர் தனியாகப் போகிற இடத்திலா? அந்த இடத்தில்தான் அவருடைய சொந்தத் துயரமும் இருக்கக்கூடும். கேட்பவர் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

படித்தவர் தாமாகச் செய்யக்கூடியவையும் உண்டு. அடுத்த நாவலை அன்றைக்கே தொடங்க வேண்டாம். சில நாள் விட்டு, வேறு ருசியில் ஒன்றை எடுங்கள். சிறுகதையோ பயணநூலோ நல்லது. மனத்தில் நின்றவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம். அதே எழுத்தாளரைப் படித்த இன்னொருவரை நூலகத்திலோ வேலையிடத்திலோ தேடிப் பிடிப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. செல்லப்பா தம் 'எழுத்து' பிரசுரப் புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். படித்ததைப் பற்றிப் பேச நான்கு பேராவது வேண்டும் என்ற தவிப்பும் அந்த அலைச்சலில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். மீண்டும் முதலிலிருந்து படிப்பதிலும் தவறில்லை. இரண்டாம் முறை முடிவு தெரிந்திருப்பதால் மனம் பதறாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கதைத் துக்கம் வழக்கமாகச் சில நாளில் தானாகத் தணியும். நடுநடுவே சிரிப்பு வரும், பசி எடுக்கும், வேலை ஓடும். இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தால் அது கதையைத் தாண்டிவிட்டது. முன்பு பிடித்திருந்த எதிலும் ஆர்வம் இல்லாமை, தூக்கமோ பசியோ மிகவும் குறைவது அல்லது கூடுவது, எதிலும் கவனம் நிற்காதது, நான் எதற்கும் உதவாதவன் என்ற நினைப்பு ஆகியவையும் சேர்ந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது குணப்படுத்தக்கூடியது. முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சொல்லலாம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எண்ணைச் சுழற்றத் தெம்பில்லாதவருக்காக வீட்டில் உள்ளவர் அழைத்துப் பேசவைக்கலாம். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.