கைராசி எதற்கு? விரல் நகம் போதும்!

குட்டீஸ்... தொட்டியில் விதை போட்டு, தினமும் எட்டி எட்டிப் பார்த்து, ஒன்றுமே முளைக்காமல் ஏமாந்து போயிருக்கிறீர்களா? 'உனக்குக் கைராசி இல்லை' என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்களே! அதை நம்பாதீர்கள். விதை கேட்பது மூன்றே மூன்றுதான். ஈரம், காற்று, இதமான சூடு.

ஒவ்வொரு விதைக்குள்ளும் ஒரு குட்டிச் செடி தூங்குகிறது. கூடவே அதற்கான கட்டுச்சோறும் இருக்கிறது. ஈரம் பட்டதும் குட்டிச் செடி விழித்து, அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மேலே வரும். பச்சை இலை விரித்து, வெயிலில் சொந்தமாகச் சமைக்கும் வரை வேறு சாப்பாடு கிடையாது. கீரை விதை கடுகைவிடச் சிறியது. அதை ஆழமாகப் புதைத்தால், பாதி வழியிலேயே சோறு தீர்ந்து செத்துவிடும். பாவம்தானே!

அதனால் ஒரு சுலபமான கணக்கு: விதையின் பருமனைப் போல 2 அல்லது 3 மடங்கு ஆழம் போதும். வெந்தயத்துக்கு உங்கள் விரல் நகத்தில் பாதி. அவரைக்கு 2 செ.மீ. கீரை விதைக்கு மேலே லேசாக மண் தூவினால் போதும்.

தொட்டி தயார் செய்வோமா?

உடைந்த வாளி, பழைய பிளாஸ்டிக் டப்பா, அரிசிச் சாக்கு எதுவும் சரி. பெயின்ட், பூச்சி மருந்து இருந்த டப்பாக்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். அடியில் நான்கைந்து ஓட்டைகள் வேண்டும். அதைப் பெரியவர்கள் போட்டுத் தரட்டும். விதையும் மூச்சு விடும். தண்ணீர் தேங்கினால் மண்ணில் காற்று இல்லாமல் அழுகிவிடும். செம்மண், மட்கிய சாணி எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள்.

அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள்!

வெந்தயம்: இரவு ஊறவைத்துக் காலையில் விதையுங்கள். மூன்று, நான்கு நாளில் முளைக்கும். மூன்று, நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம்.

கொத்தமல்லி: உருண்டையான முழு மல்லி உண்மையில் ஒரு காய், உள்ளே இரண்டு விதைகள் இருக்கும். காகிதத்தில் பரப்பி, சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி, இரண்டாகப் பிரித்து ஊறவையுங்கள். முளைக்க 10 நாள் ஆகும். சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். பலர் தோற்பது இங்கேதான். பொறுமையில்லாமல் மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள்! கத்திரி வெயிலில் இது சிரமப்படும். மார்கழி, தைக் குளிரில் செழித்து வளரும்.

கீரை: விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவினால், ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக விழும்.

பாட்டில் மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டால் பூவாளி ரெடி. மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாக வேண்டாம். முளைக்கும் வரை ஈரச் சாக்கால் மூடி வைக்கலாம். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட்டு, வெயில் படும் இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் செடி வெளிறி, ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும்.

அப்படியும் முளைக்கவில்லையா? பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஏழு, எட்டு முளைத்தால் விதை நல்லது. ஆழத்தையும் தண்ணீரையும் சரி பாருங்கள். இரண்டு, மூன்றுதான் முளைத்தால் விதை பழசு. வேறு வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்!

உஷார்: கடையில் வாங்கும் விதை சிவப்பு, நீலம் என்று சாயம் பூசியிருந்தால், அதில் மருந்து கலந்திருக்கும். வாயில் வைக்காதீர்கள். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

விதைத்த தேதியை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள். எத்தனையாவது நாள் முதல் முளை வந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை விதைக்கும்போது அந்தக் கணக்கு உங்களுக்கு உதவும்.

என்ன குட்டீஸ், இன்றைக்கே வெந்தயத்தை ஊறவைக்கலாமா?