பின்னால் வரும் தேரை

கொலராடோவிலிருந்து யூட்டாவுக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் வசந்த காலத்தில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. பேருந்து அளவில் ஒரு மோட்டார் ஹோம் போகிறது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே வைத்திருக்கும் ஓடும் வீடு அது. அதன் முதுகிலிருந்து ஆங்கில ‘ஏ’ எழுத்துப்போல் விரிந்த ஒரு மீட்டர் நீள இரும்புச் சட்டம். சட்டத்தின் மறுமுனையில் ஒரு ஜீப் ராங்ளர். நான்கு சக்கரமும் தரையில் உருள்கின்றன, உள்ளே ஆள் இல்லை. வளைவு வரும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பி, வளைவு முடிந்ததும் தானாக நேராகிறது.

பெரும்பாலும் மோவாப் ஊருக்குப் போகிற வண்டிகள் இவை. செந்நிற மணற்பாறைகளின் மீது ஜீப் ஏற்றுபவர்கள் ஈஸ்டரை ஒட்டி அங்கே கூடுவது 1967-இலிருந்து நடந்துவருகிறது. வீட்டைப் பாறைமேல் ஏற்ற முடியாது, ஜீப்பில் குடும்பத்தோடு குடியிருக்கவும் முடியாது. ஆகவே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. இழுபடும் வண்டி என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் தேரைக்கான ஆங்கிலச் சொல்லும் காதில் ஒன்றுபோலவே விழும். அதனால் அந்த ஜீப்புக்குத் ‘தேரை’ என்றே பேராகிவிட்டது.

ஆளில்லாத தேரை வளைவில் திரும்புவது எப்படி? கடையில் சாமான் தள்ளும் வண்டியின் முன்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு முன்னால் இருக்கும். சக்கரம் தரையைத் தொடும் இடம் சற்றுப் பின்தங்கி இருக்கும். தள்ளும் திசை மாறினால், பின்தங்கிய அந்த இடம் அச்சின் பின்னாலேயே போய்ச் சேரப் பார்க்கிறது. சக்கரம் திரும்பிவிடுகிறது. ஜீப்பிலும் இதே சூட்சுமம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. முன்சக்கரம் திரும்பும் அச்சு நேர்குத்தாக நிற்காமல், அதன் தலை 5 டிகிரி அளவுக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டினால், 40 சென்டிமீட்டர் ஆரமுள்ள டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் முன்னால் போய்க் குத்தும். இரண்டு விரற்கடைதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இரண்டு டன் வண்டியை ஓட்டுநரே இல்லாமல் வழிநடத்துவது அந்த இரண்டு விரற்கடை.

பின்னால் நகர்த்தினால் இதே கணக்கு தலைகீழாகிவிடும். பின்தங்கி வரவேண்டிய இடம் முன்னால் போய்விடுவதால் சக்கரங்கள் ஒரு பக்கமாகச் சட்டென்று முழுக்கத் திரும்பிக்கொள்ளும். தேரை குறுக்கே தள்ளப்பட்டு, இழுசட்டம் வளையும். அதனால்தான் தேரை கட்டிய மோட்டார் ஹோமை ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் ஜீப்பைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை.

எல்லாக் காரையும் இப்படி இழுத்துவிட முடியாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் பாக்ஸுக்கு எண்ணெய் ஏற்றும் பம்பைச் சுழற்றுவது என்ஜின். என்ஜினை அணைத்துவிட்டு இழுத்தால் சக்கரத்தோடு சேர்ந்து உள்ளே இருப்பவை சுற்றும், எண்ணெய் மட்டும் வராது. சற்றுத் தூரத்தில் எல்லாம் சூடேறித் தேய்ந்துபோகும். ராங்ளரில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி உண்டு. இரண்டு சக்கர ஓட்டமா, நான்கு சக்கர ஓட்டமா என்று தீர்மானிப்பது அதுதான். அதன் லீவரை நியூட்ரலில் போட்டால் சக்கரங்களுக்கும் கியர் பாக்ஸுக்கும் இருந்த உறவு அறுந்துவிடும். பழைய ராங்ளர்களின் அந்தப் பெட்டியில் எண்ணெய் பம்பு, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டோடு சேர்ந்தே சுழலும். சக்கரம் சுற்றும்வரை எண்ணெயும் ஏறிக்கொண்டிருக்கும். கியர் பாக்ஸோ சும்மா கிடக்கும். இழுக்கும்போது ஆட்டோமேட்டிக்கைப் ‘பார்க்’கிலும், மேனுவலை ஏதாவது ஒரு கியரிலும் போட்டு வை என்கிறது ராங்ளரின் கையேடு. முதலில் படிப்பவருக்கு இது அச்சுப்பிழைபோலத் தோன்றும். கியர் பாக்ஸ் துளியும் சுற்றாமல் பூட்டி வைப்பதற்கான ஏற்பாடு அது.

இவ்வளவும் ஜீப் செய்தவர்களே யோசித்து வைத்தது. சிக்கல் தொடங்குவது பம்பரில்.

ராங்ளர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். பாறை ஏறுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு, வெளியில் கனத்த எஃகுப் பம்பர் வாங்கி மாட்டுகிறார்கள். நடுவில் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச். இரண்டு பக்கமும் விரல் கனத் தகட்டில் ஓட்டை போட்ட காதுகள். அந்தக் காதில் ஷேக்கிள் என்கிற கொக்கி வளையத்தைப் போட்டுத்தான் சேற்றில் சிக்கிய வண்டியை இழுப்பார்கள். முக்கால் இஞ்ச் ஷேக்கிளில் நாலே முக்கால் டன் தாங்கும் என்று பொறித்திருக்கும். ஜீப்பின் எடை சுமார் இரண்டு டன். வண்டியையே தொங்கவிடும் அளவுக்கு வலு இருக்கிறதே, இழுசட்டத்தையும் அதே காதில் மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் சாரம்.

விசைகளைப் பார்ப்போம். சமதளத்தில், ஒரே வேகத்தில் இரண்டு டன் ஜீப்பை உருட்ட 30 கிலோ அளவுக்கு இழுத்தாலே போதும். காற்றைப் பெரும்பாலும் முன்னால் போகும் வீடே வாங்கிக்கொள்கிறது. நூற்றுக்கு 6 ஏறும் மலைச்சாலையில் இதோடு 120 கிலோ கூடும். மோட்டார் ஹோம் கொஞ்சம் அழுத்திப் பிரேக் போடும்போது தேரையின் பிரேக் வேலை செய்யாவிட்டால், ஜீப் முழுக்க முன்னால் வந்து முட்டும். ஏறக்குறைய ஆயிரம் கிலோ, அதுவும் எதிர்த் திசையில். இவை எதுவும் நாலே முக்கால் டன்னுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் ஷேக்கிள் இழுப்பதற்கென்று செய்யப்பட்டது. சேற்றிலிருந்து வண்டியை மீட்கும்போது விசை ஒரே திசையில், ஆண்டுக்கு நாலைந்து முறை. நெடுஞ்சாலையிலோ இழுப்பும் தள்ளலும் மாறிமாறி வருகின்றன. டென்வரிலிருந்து மோவாப் சுமார் 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரப் பயணம். நொடிக்கு ஒரு குலுக்கல் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு வழிக்கே 20 ஆயிரம் தாண்டும்.

கட்டடத்தில் கம்பி கட்டுபவர் கட்டுக்கம்பியை எப்படி அறுக்கிறார்? கத்திரியைத் தேடுவதில்லை. இழுத்துப் பார்ப்பதுமில்லை, இழுத்தால் கைதான் அறும். இப்படியும் அப்படியும் நாலு தரம் மடக்குகிறார், கம்பி கையோடு வந்துவிடுகிறது. இரும்பின் இந்தக் குணத்தை உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகள் பூட்டப்பட்டிருந்ததால் 50 பேருக்கு மேல் உள்ளேயே இறந்தார்கள். தென்துருவக் கடல்வரை போய்த் திரும்பிய கடலோடி துமோன் துர்வில் தன் மனைவி, மகனோடு அதில் இறந்தார். உருளும் அச்சில் ஒரு பக்கம் இழுபடும்போது மறுபக்கம் நசுங்கும். அரைச் சுற்றில் அந்த நிலை மாறும். ஒவ்வொரு சுற்றிலும் மடக்கி நிமிர்த்துவதுபோலத்தான். பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்துக் காட்டினார்: ஒரே இழுப்பில் முறிக்கத் தேவைப்படும் விசையைவிட மிகக் குறைந்த விசையிலும், போதுமான முறை திரும்பத் திரும்பக் கொடுத்தால் இரும்பு முறிந்துவிடும். உலோகம் களைக்கிறது.

அதிலும் பற்றவைத்த இடம் சீக்கிரம் களைக்கும். வெல்டிங் ஓரத்தில் படும் தகைவு இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. பம்பரின் காதுகள் பற்றவைத்தவைதானே. சில பம்பர்களில் காது முகத்தகட்டை ஊடுருவி உள்ளே போய், இருபுறமும் பற்றவைக்கப்பட்டு, சேஸியில் போல்ட் போடும் தகடுவரை நீளும். சிலவற்றில் முகத்தகட்டின்மேல் ஒட்டியதுபோல் நிற்கும். பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் பார்க்க ஒன்றுதான்.

இதோடு ஆட்டம் சேர்ந்துகொள்கிறது. ஷேக்கிள் சுழலவேண்டும் என்பதற்காகவே காதின் ஓட்டை அதில் நுழையும் ஆணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இழுசட்டத்தின் ஆணி அதே ஓட்டையில் போனால், இழுப்பு தள்ளலாக மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு டன் வண்டி அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டிவந்து இடிக்கும். சுத்தியல் அடிதான். வட்ட ஓட்டை நாளடைவில் முட்டை வடிவமாகும், இடைவெளி கூடும், அடி இன்னும் பலமாகும். ஆகவே இழுசட்டம் செய்பவர்கள் ஷேக்கிளை எடுத்துவிட்டு, காதின் கனத்துக்கும் ஓட்டைக்கும் இறுக்கமாகப் பொருந்தும் தனிக் கொண்டிகளைத் தருகிறார்கள். சேஸிக் கட்டைகளிலேயே நேராகப் போல்ட் போடும் அடித்தகடும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், ‘நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுத்துப் போகலாம்’ என்று பம்பர் செய்தவரே எழுத்தில் தராத இடத்தில் அடித்தகடுதான் சரி. பம்பர் எவ்வளவு கனமாக இருந்தாலும் இதில் எனக்கு மாற்று எண்ணம் இல்லை.

காதுகளுக்கு இடையேயான அகலத்தையும் பார்க்கவேண்டும். வளைவில் ஜீப்பின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்புவது அந்த ‘ஏ’ வடிவ முக்கோணம்தான். ஒரு கை இழுக்க, மறுகை தள்ளும். அகலம் பாதியானால் ஒவ்வொரு கையிலும் விசை இரட்டிப்பாகும். வின்ச்சுக்கு இடம்விடக் காதுகளை நெருக்கி வைத்த பம்பர்கள் இங்கே அடிபடும்.

பாறை ஏறும் ஜீப்புக்கு உயரமும் ஒரு தொல்லை. சஸ்பென்ஷனைத் தூக்கிப் பெரிய டயர் போட்டால் பம்பர் மேலே போய்விடும், இழுசட்டம் மோட்டார் ஹோமை நோக்கிச் சரியும். ஒரு மீட்டர் சட்டம் 20 டிகிரி சரிந்திருக்க, பிரேக்கின்போது ஆயிரம் கிலோ முன்னால் தள்ளுகிறது என்றால், அதோடு 364 கிலோ ஜீப்பின் மூக்கை மேலே தூக்கும். சரியாகப் பிடிக்கவேண்டிய நேரத்தில் முன்சக்கரங்களின் பாரம் குறைந்துபோகும். சரிவு 5 டிகிரியானால் அது 87 கிலோதான். இரு முனைகளின் உயர வித்தியாசம் 3, 4 இஞ்சுக்கு மேல் போகக் கூடாது என்று இழுசட்டம் செய்பவர்கள் சொல்வது ஏறக்குறைய இந்த 5 டிகிரிதான். உயரத்தைச் சரிக்கட்ட, மோட்டார் ஹோம் பக்கத்தில் படிபோல் வளைந்த இணைப்பு ஒன்றைப் போடுவார்கள். வண்டியைத் தூக்கும்போது முன் அச்சு உருண்டு, முன்பு சொன்ன 5 டிகிரிச் சாய்வும் குறைந்திருக்கும். அதைத் திருத்தாவிட்டால் தேரை நேராக வராமல் அலையும்.

தேரைக்குத் தனிப் பிரேக் வேண்டும். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட்டால், முன்னால் பிரேக் போடும்போது அது ஜீப்பின் மிதியை அழுத்தும். இணைப்பு அறுந்துபோனால் பிரேக்கைப் பூட்ட ஒரு மெல்லிய கம்பி, கீழே குறுக்காக இரண்டு பாதுகாப்புக் கம்பிகள், பின்விளக்குக்கு ஒரு வயர். ஸ்டியரிங் பூட்டு விழாமல் சாவியைத் திருப்பி வைக்கவேண்டும். இவற்றில் ஒன்றையும் விட முடியாது.

மலை இறங்கி, வழியில் கிராண்ட் ஜங்ஷன் ஊரில் டீசல் போட நிற்கும்போது, விவரம் தெரிந்தவர்கள் நேரே பின்னால்தான் போவார்கள். நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள். இழுசட்டத்தைப் பிடித்து உலுக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பம்பரின் முன் குந்தி, காது முகத்தகட்டில் சேரும் மூலையைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கறுப்புப் பெயின்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு துருக்கோடு தெரிந்தால், அங்கேயே ஜீப்பைக் கழற்றிவிட்டு, மோவாப் வரை மீதித் தூரத்துக்கு ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு போவார்.