உப்பு வெளியில் தனியொருவர் பயணம்

குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள பெரிய ரண், பருவமழைக் காலத்தில் நீரில் மூழ்கிக் கிடக்கும். நீர் வற்றிய பின்னர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை உப்பு படியும். காவ்டாவிலிருந்து சிந்துவெளி நகரமான தோலாவிராவுக்குச் செல்லும் சாலை, ஏறத்தாழ 30 கி.மீ. தூரம் இவ்வெண்மையை ஊடறுத்துச் செல்கிறது. அச்சாலையில் மோட்டார் சைக்கிளில் தனியே போய்வரலாமா என்று எங்கள் புறநோயாளர் பிரிவில் சிலர் கேட்கின்றனர். பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து உட்கொள்பவர்கள். கூடாது என்று நாங்கள் சொல்வதில்லை. எந்த மாதம் என்று கேட்கிறோம்.

டிசம்பர், ஜனவரியில் பகல் இதமானது, இரவு குளிரும். ஆனால் விடுமுறையை எண்ணி ஏப்ரல், மே மாதங்களில் புறப்படுவோர் 40 டிகிரி செல்சியஸ் வெயிலைச் சந்திக்க நேரிடும். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடானால், வண்டி வேகத்தில் முகத்தில் அறையும் காற்று உடலுக்குள் வெப்பத்தையே ஏற்றும். காற்றோட்டத்துக்காகச் சட்டையைத் திறந்துவிடுவது அந்நேரத்தில் தீங்கு. நனைத்த பருத்திச் சட்டையின் மேல் முழுக்கை மேலுடை அணிவதே நலம். வறண்ட காற்றில் வியர்வை துணியை நனைக்கும் முன்பே உலர்ந்துவிடுவதால், "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று பயணி நம்புவார். உண்மையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழந்துகொண்டிருக்கலாம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கலாகாது.

சுற்றிலும் உப்பு; உடலிலிருந்தோ வியர்வை வழியே உப்பு வெளியேறுகிறது. இழந்ததை ஈடுகட்ட வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம், சில வேளைகளில் வலிப்பும் வரக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உள்ளன. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுமையாக ஒரே லிட்டரில் கரைக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டே அருந்த வேண்டும். 'நீர் மாத்திரை' எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அம்மாத்திரை வெயிலோடு சேர்ந்து நீரையும் உப்பையும் இருமடங்கு வேகத்தில் வெளியேற்றுவதுபோல் ஆகிவிடும். அதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தே.

தனிப் பயணத்தில் எங்களை அச்சுறுத்துவது வேறொன்று. வெப்பத்தாக்கம் மூளையைத் தொடும்போது, அதை உணர வேண்டிய மூளையே மந்தமாகிவிடுகிறது. காரணமற்ற எரிச்சல், குழறும் பேச்சு, தடுமாறும் நடை ஆகியவற்றை உடன் வருபவர் கண்டுகொள்வார். பாதிக்கப்பட்டவர் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். ஆகவே காவ்டாவை விட்டுக் கிளம்பும்போதும் தோலாவிராவைச் சேர்ந்ததும் வீட்டாரிடம் பேசுவதாக நேரம் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நேரம் கடந்தால் யாரை அழைப்பது என்பதும் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், 112 உட்பட. வழியெங்கும் அலைபேசித் தொடர்பு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

சாலையை விட்டு உப்பில் இறங்கவும் வேண்டாம். மேலே கெட்டியாகத் தோன்றும் உப்பு ஓட்டின் அடியில் ஈரச் சேறு இருக்கும், சக்கரம் புதையும். எங்களில் ஒருவர் குளிர்காலத்தில் அவ்வழியே வண்டி ஓட்டியவர். ஒரு புகைப்படத்துக்காக இறங்கிய வண்டியைச் சாலைக்கு இழுக்க நான்கு பேர் மூச்சிரைத்ததைப் பார்த்ததாகச் சொல்வார். நிழலற்ற வெயிலில் தனியொருவர் அதைச் செய்ய முயல்வதுதான் மாரடைப்புக்கும் வெப்பத்தாக்கத்துக்கும் கதவைத் திறக்கும் செயல்.

வெண்ணிற உப்பு புற ஊதாக் கதிர்களைப் பிரதிபலிப்பதால் கருவிழி மேற்பரப்பு வெந்துபோகலாம். பல மணி நேரம் கழித்தே மணல் விழுந்தாற்போல் வலிக்கும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி அவசியம். இன்சுலினை வண்டியின் பக்கப் பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலில் அதன் வீரியம் குறையும். குளிர்காப்புப் பையில் வையுங்கள். பனிக்கட்டியை நேரடியாகத் தொட விடாதீர்கள்.

பயணத்துக்கு இரு வாரங்களுக்கு முன்பே, உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டுடன் எங்களை வந்து பாருங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருந்தால், மாற்றிய பின் இரத்த அழுத்தத்தையும் சோடியத்தையும் ஒருமுறை பார்த்துவிட அக்கால அவகாசம் எங்களுக்கு வேண்டும்.