செங்குத்தாக இறங்கும் மட்டை

ஸ்காட்லாந்து நாட்டின் கடலோரப் புல்வெளிகளில் உருப்பெற்று உலகெங்கும் பரவிய விளையாட்டு கோல்ஃப். 46 கிராம் எடைக்கு மேற்படாத சிறு பந்தை, நாலேகால் அங்குல அகலமுள்ள குழிக்குள் இயன்றவரை குறைந்த அடிகளில் சேர்ப்பதே இதன் நோக்கம். பந்து அசையாமல் கிடக்கிறது. எதிராளி எவரும் குறுக்கே வருவதில்லை. ஆயினும், பழகுவோர் பலரைப் பல்லாண்டுகள் அலைக்கழிக்கும் பிழை ஒன்று இதில் உண்டு. சாய்வாக இறங்க வேண்டிய மட்டை செங்குத்தாக இறங்கிவிடுவதே அது.

பிழையின் அடையாளங்கள்

வலக்கைப் பழக்கமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடத்தோள் இலக்கை நோக்க, பக்கவாட்டில் நின்று, மட்டையை வலத்தோளுக்கு மேல் உயர்த்திக் கீழே வீசுகிறார். வீசத் தொடங்கும் கணத்தில் வலத்தோள் முந்திக்கொண்டால், மட்டை உடலை விட்டு வெளியே விலகி, விறகு வெட்டும் கோடரி போலக் குறுக்காக இறங்கும். தரையில் ஆழமான பள்ளம் விழும். அது இலக்குக்கு இடப்புறம் நோக்கியிருக்கும். பந்தோ பெரும்பாலும் இடப்புறமாகக் கிளம்பி, வலப்புறம் வளைந்து, தூரம் குன்றி வீழும். இதனை ஸ்லைஸ் என்பர். மட்டை பந்துக்கு முன்னரே தரையில் மோதினால், அந்த அதிர்ச்சி மணிக்கட்டையும் முழங்கையையும் தாக்கும். நாளடைவில் அது நீங்காத வலியாகிவிடுவதும் உண்டு.

மருந்தே நோயாதல்

பந்து வலப்புறம் போகக் கண்டவர், அடுத்த முறை இடப்புறம் நோக்கி நின்று அடிக்கிறார். விளைவோ நேர்மாறாகிறது. மட்டை செல்லும் பாதைக்கும் மட்டை முகம் நோக்கும் திசைக்கும் உள்ள வேறுபாடே பந்தை வளைக்கிறது. பாதை மேலும் இடப்புறம் திரும்பத் திரும்ப, வளைவும் மிகுகிறது. இவ்வாறு நோயைத் தீர்க்க எடுத்த முயற்சியே நோயை வளர்க்கிறது.

அதற்காகக் கீழ்நோக்கி அடிப்பதே தவறு என்று கருதிவிடலாகாது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் 7ஆம் எண் இரும்பு மட்டையும் சராசரியாகச் சுமார் 4 பாகை கீழ்நோக்கியே பந்தை அடைவதாக ரேடார் அளவைகள் காட்டுகின்றன. அளவு மீறுவதும், குறுக்கே வெட்டுவதுமே குற்றம்.

இரு முன்னோடிகள்

1949இல் பேருந்து மோதிப் படுகாயமுற்று, மறு ஆண்டே அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றவர் பென் ஹோகன். ஐந்து பாடங்களாக அவர் வகுத்து 1957இல் வெளியிட்ட நூல் இன்றும் பயிலப்படுகிறது. பந்திலிருந்து தோள்வரை சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகையைக் கற்பனை செய்யச் சொன்னார் அவர். மட்டை இறங்கும் தளம், ஏறும் தளத்தைவிடச் சற்றே படுத்த நிலையில் இருக்க வேண்டும் என்றும், இறக்கத்தை இடுப்பே தொடங்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

ஜிம் ஃப்யூரிக் என்பாரின் வீச்சு விந்தையானது. மட்டையை ஏறத்தாழ நேர்க்குத்தாக உயர்த்துவார். இறக்கும்போது அதை உடலுக்குப் பின்புறமாகச் சாய்த்துவிடுவார். 2003இல் அமெரிக்க ஓப்பனை வென்ற அவர், 2016இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். பி.ஜி.ஏ. தொடரில் அதற்குமுன் எவரும் எட்டாத எண்ணிக்கை அது. செங்குத்தாக ஏறுவதன்று, செங்குத்தாக இறங்குவதே கேடு என்பதற்கு இவரே சான்று.

திருத்தும் வழிகள்

மட்டை இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் வினாடியே ஆகிறது. அதற்குள் சிந்தித்துத் திருத்த இயலாது. ஆகவே, இயக்கத்தின் வரிசையை முன்கூட்டியே உடலுக்குப் பழக்க வேண்டும்.

1. மட்டையைக் கையால் மட்டும் தூக்காமல், தோள்களை நன்கு திருப்பி உயர்த்துக.

2. இறங்கும்போது முதலில் எடையை இடக்காலுக்கு மாற்றி, இடுப்பைத் திருப்புக. முதுகு ஒரு கணம் இலக்கை நோக்கியே இருக்கட்டும். வலமுழங்கை விலாவை ஒட்டி இறங்கும்.

3. மட்டையை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டாகப் பலமுறை வீசுக. பின்னர் சிறிது சிறிதாகத் தரைக்குத் தாழ்த்துக. படுத்த தளத்தின் உணர்வு இதனால் கைவரும்.

4. பந்துக்கு அப்பால், சில அங்குலம் தள்ளிச் சற்றுப் பின்னே ஒரு வெற்று அட்டைப் பெட்டியை வைத்து மெதுவாக அடித்துப் பழகுக. குறுக்கே இறங்கும் மட்டை பெட்டியில் மோதிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

பொறுமை வேண்டும்

பாதை சீரடையத் தொடங்கும்போது, பந்து வளையாமல் நேரே வலப்புறம் செல்லக்கூடும். மட்டை முகம் இன்னும் பழைய வழக்கப்படி வலப்புறம் திறந்திருப்பதே காரணம். ஏமாற்றமுற்றுப் பழைய வீச்சுக்கே திரும்புவோர் இக்கட்டத்தில்தான் மிகுதி. பந்து சென்ற திசையைக் கண்டு மனம் தளராமல், தரையில் விழும் பள்ளத்தை நோக்க வேண்டும். அது ஆழம் குறைந்து இலக்கை நோக்கித் திரும்பிவிட்டால், பிழையின் வேர் அறுந்தது என்று கொள்ளலாம். எஞ்சியிருப்பது மட்டை முகத்தை நேராக்கும் பயிற்சி மட்டுமே.